போகன்பெர்க்: வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் மாதா

பெந்தெகோஸ்தே ஞாயிறு, அதாவது ஈஸ்டர் முடிந்து ஏழாம் ஞாயிறு, பிற்பகலில் போகன் ஊரில் காத்து நிற்பவர்களுக்கு முதலில் ஆள் தெரியாது. வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு சிவப்புக் கம்பம் லேசாக ஆடிக்கொண்டே நகர்ந்து வரும். அது நெருங்கிய பிறகுதான் அதன் அடியில் ஒரே ஒரு மனிதர் அதைத் தூக்கி வருவது புரியும். சுற்றிலும் செபமாலை சொல்லிக்கொண்டு கூட்டம். கம்பம் என்று தெரிந்தது உண்மையில் ஒரு மெழுகுதிரி. நீளம் 13 மீட்டர், எடை சுமார் 50 கிலோ. 75 கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறது, இனி மலை ஏற வேண்டும்.

ஜெர்மனியின் தென்கிழக்கில், பவேரியா மாநிலத்தின் கீழ்ப்பவேரியா வட்டாரத்தில், டான்யூப் ஆற்றின் வடகரையை ஒட்டி எழும்பும் தனிக்குன்று போகன்பெர்க். உச்சி கடல்மட்டத்திலிருந்து 432 மீட்டர். ஆற்றிலிருந்து பார்த்தால் 120 மீட்டர்தான் உயரம். ஆனால் தெற்கே கண்ணுக்கெட்டியவரை கொய்போடன் சமவெளி, கோதுமையும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் விளையும் தட்டை நிலம். அந்தச் சமவெளிக்கு முன்னால் இந்தக் குன்று பெரிய மலையாகவே தெரியும். உச்சியில் ஒரு கையளவு ஊர்: சில வீடுகள், ஒரு அருங்காட்சியகம், நடுவில் மாதா கோயில். பவேரியாவின் மிகப் பழைய மாதா திருத்தலங்களில் இதுவும் ஒன்று.

தலக்கதை 1104ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. மாதாவின் கற்சிலை ஒன்று டான்யூப் ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்து மிதந்து வந்து, குன்றின் அடியில் இருந்த பாறையில் தங்கியதாம். அப்போது குன்றின் மேல் கோட்டை கட்டி ஆண்டவர் போகன் பிரபு அஸ்வின். அவர் சிலையைத் தன் கோட்டைக் கோயிலுக்கு எடுத்துப் போனார், பிறகு இடத்தையே அருகிலிருந்த ஓபரல்டைஹ் மடத்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளுக்குக் கொடுத்துவிட்டார் என்கிறது கதை. கல் மிதக்குமா என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கலை வரலாற்றாளர்கள் இன்றைய சுரூபத்துக்குச் சொல்லும் காலம் 1400ஐ ஒட்டியது. கதைக்கும் சிலைக்கும் நடுவே முந்நூறு வருட இடைவெளி, அதைப் பற்றி இங்கே வருகிறவர்கள் யாரும் கவலைப்படுவதில்லை.

அந்த அஸ்வின் வம்சம் 1242இல் வாரிசில்லாமல் முடிந்துபோனது. ஆனால் அதற்கு முன்பே, 1204இல், போகன் வீட்டு விதவை லுட்மில்லா பவேரியக் கோமகன் லூட்விக்கை மணந்திருந்தாள். அந்த உறவால் போகன் பிரபுக்களின் வெள்ளை நீலச் சாய்சதுரச் சின்னம் விட்டெல்ஸ்பாக் வம்சத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று பவேரியக் கொடியில் பார்க்கும் கட்டங்கள் இந்தக் குன்றிலிருந்து கீழே இறங்கிப் போனவைதான்.

இப்போதுள்ள கோயிலின் கட்டுமானம் 1463இல் தொடங்கியது. மூன்று பத்திகள் கொண்ட பிந்தைய கோதிக் கட்டடம். உள்ளே போனதும் நேராகப் பீடத்தை நோக்கிப் போய்விடாமல், கடைசி வரிசையில் ஐந்து நிமிடம் உட்கார்வது நல்லது. வெளி வெளிச்சத்திலிருந்து வந்த கண் பழக அவ்வளவு நேரம் ஆகும். சுரூபத்தின் சிறப்பு அதற்குப் பிறகுதான் பிடிபடும். மாதா கையில் குழந்தை ஏந்தியிருக்கவில்லை. நிறைமாதக் கர்ப்பிணியாக நிற்கிறாள். வயிற்றில் ஒரு சிறு திறப்பு, அதற்குள் குழந்தை இயேசு. தூரத்திலிருந்து பார்த்தால் அது ஒரு கரும்புள்ளி மாதிரிதான் இருக்கும், கிட்டே போனால்தான் பிள்ளை தெரியும். ஜெர்மன் மொழியில் இந்த மாதாவுக்கு 'நம்பிக்கையில் இருக்கும் மரியா' என்று பொருள்படும் பெயர். நாம் 'உண்டாகியிருக்கிறாள்' என்று சொல்வதைப் போல, பழைய ஜெர்மனில் கர்ப்பமாக இருப்பதை 'நல்ல நம்பிக்கையில் இருக்கிறாள்' என்றுதான் சொல்வார்கள். பிள்ளைவரம் கேட்டும், சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் நூற்றாண்டுகளாக இங்கே வருவதற்கு அந்தச் சிறு திறப்புதான் காரணம்.

பீடத்தைப் பார்த்துவிட்டு அந்த மெழுகுதிரியைக் கவனியுங்கள். கோயிலுக்குள் நிமிர்ந்து நிற்கும். முழுக்க மெழுகால் ஆனது அல்ல. 13 மீட்டருக்கு மெழுகை மட்டும் வார்த்தால் தன் எடையிலேயே ஒடிந்துவிடும். உள்ளே இருப்பது ஸ்ப்ரூஸ் எனும் ஊசியிலை மரத்தின் ஒல்லியான தண்டு, அதைச் சுற்றித்தான் சிவப்பு மெழுகு. மரம் எது என்பதில் பொருத்தனையின் கதையே அடங்கியிருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில், பாஸாவ் மாவட்டத்தில் ஓர்டன்பூர்க் பக்கம் உள்ள ஹோல்ட்ஸ்கிர்ஹன் ஊரின் காட்டைப் பட்டைவண்டு அரித்தது. பட்டைக்கு அடியில் குடைந்து போய் மரத்தின் உயிரோட்டத்தை அறுக்கும் வண்டு இது, ஸ்ப்ரூஸ் என்றால் அதற்கு உயிர். காடு பிழைத்தால் ஆண்டுதோறும் போகன்பெர்க் மாதாவுக்கு மெழுகுதிரி சுமந்து வருகிறோம் என்று ஊரார் நேர்ந்துகொண்டார்கள். காப்பாற்றப்பட்ட அந்த மரத்தின் இனத்தையே மெழுகில் சுற்றி இன்றும் கொண்டு வருகிறார்கள்.

பெந்தெகோஸ்தேக்கு முந்தைய சனிக்கிழமை புறப்பாடு, ஞாயிறு பிற்பகல் போகன். வழியில் பெரும்பகுதி தோள்களில் கிடத்தித்தான் வரும். பல தோள்கள் பகிர்ந்தால் 50 கிலோ ஒரு பாரமே இல்லை. கடினம் தொடங்குவது நிமிர்த்திய பிறகு. நிமிர்ந்த திரியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் சுமக்க முடியும், முறை மாற்றி மாற்றி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடி ஒரே ஒரு பாகை சாய்ந்தால் நுனி 23 சென்டிமீட்டர் விலகும். ஐந்து பாகை என்றால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், அதற்குப் பிறகு ஒற்றை ஆளால் மீட்பது சிரமம். மேட்டில் ஏறும்போது உடம்பு தானாக முன்னால் சாயும், திரியும் கூடவே சாயப் பார்க்கும். அதனால் சுமப்பவர் முதுகை நிமிர்த்தி, கால்களை மட்டும் வளைத்து ஏற வேண்டியிருக்கும். மெல்லிய தண்டு என்பதால் ஒவ்வொரு அடிக்கும் நுனி ஆடும். ஆட்டத்தின் தாளத்தோடு நடையின் தாளம் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும், அப்போது நடையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இதோடு மரக்கிளை, பக்கக் காற்று. திரி விழுந்தால் அது கெட்ட சகுனம், போர் வரும் என்றொரு நம்பிக்கை பழைய காலத்திலிருந்து இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

இன்னொன்று. ஹோல்ட்ஸ்கிர்ஹன் இருப்பது டான்யூப் போகும் திசையில், போகனுக்குக் கீழே. ஆக இந்த மெழுகுதிரியும், கதையில் மாதா வந்ததைப் போலவே, ஆறு ஓடும் போக்குக்கு எதிராகத்தான் வந்து சேர்கிறது.

அதே பெயரில் மியூனிக்குக்குத் தெற்கே இன்னொரு ஹோல்ட்ஸ்கிர்ஹன் இருக்கிறது, நகர ரயில் போகிற பெரிய ஊர். புறப்பாட்டைப் பார்க்க நினைத்து இணையத்தில் பெயரை மட்டும் தட்டினால் அந்த ஊருக்குத்தான் கொண்டுபோய் விடும். நோய்ஃபார்ன் என்ற பெயரிலும் இதே குழப்பம். போகனுக்கு அருகிலுள்ள நகரமான ஸ்ட்ராவ்பிங் போக ரயில் மாற வேண்டிய நோய்ஃபார்ன், கீழ்ப்பவேரியாவில் இருப்பது. மியூனிக் விமான நிலையப் பாதையிலுள்ள நோய்ஃபார்ன் வேறு. பயணச்சீட்டு எடுக்கும்போது ஊர்ப் பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கத்தைப் பாருங்கள்.

ஸ்ட்ராவ்பிங்கிலிருந்து போகனுக்குச் சிறு ரயில், கால் மணி நேரத்தில் போய்விடும். போகன்தான் கடைசி நிலையம், தவறவிட வழியே இல்லை. நாட்டின் வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் இங்கே செல்லும். குடும்பமாக வந்தால் பவேரியா நாள் சீட்டு மலிவு: ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். ஆனால் வார நாளில் காலை 9 மணிக்கு முன் ஏறினால் செல்லாது, சீட்டில் பெயர் எழுதாமல் விட்டாலும் பரிசோதகர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

கார் உச்சிவரை போகும். முழங்கால் வலி உள்ளவர்கள், நிறைமாதக்காரர்கள் அப்படியே போகட்டும். மற்றவர்கள் நடப்பதே சரி. நிலையத்திலிருந்து கோயில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 110 மீட்டர். நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம் போதும். சிலுவைப்பாதைத் தலங்களில் நின்று செபித்தால் ஒரு மணிக்கு மேல் ஆகும். மழை பெய்த மறுநாள் காட்டுப்பாதையில் உதிர்ந்த இலை வழுக்கும். ஏறும்போது அது தெரியாது, இறங்கும்போதுதான் காலை வாரும். அடிப்பகுதி வழவழப்பான செருப்போடு வராதீர்கள். கோயிலுக்குள் யாரும் காலணியைக் கழற்றுவதில்லை. உங்களுக்குக் கழற்றத் தோன்றினால் கனத்த காலுறை வேண்டும், கல்தரை கோடையிலும் சில்லென்று இருக்கும்.

சாப்பாட்டை நம்பி வராதீர்கள். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், பெந்தெகோஸ்தேவுக்கு மறுநாள் திங்களும் விடுமுறை. சனிக்கிழமையே தண்ணீரும் ரொட்டியும் வாங்கி வைத்துவிட வேண்டும். திருவிழா நாளில் உணவகம் திறந்திருந்தாலும் ஒரு மேசைக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க நேரும். மெழுகுதிரி ஏற்ற உண்டியலில் போடச் சில்லறை வேண்டும், நோட்டை மாற்றித் தர அங்கே ஆள் இருக்கமாட்டார். திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது. நற்கருணை கத்தோலிக்கர்களுக்கு மட்டும். மற்றவர்கள் வரிசையில் வந்து இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்தால், குருவானவர் ஆசீர் தருவது இங்கே வழக்கம்.

ஜெர்மனித் தமிழர்களுக்குத் திருத்தலம் என்றால் கெவலார்தான். ஆகஸ்டில் அங்கே தமிழ்த் திருப்பலி, ஆயிரக்கணக்கான தமிழர்கள், சுற்றிலும் நம் பேச்சு. போகன்பெர்க்கில் அந்தச் சத்தம் எதுவும் கிடையாது. செபமாலை பவேரிய வழக்கில்தான் கேட்கும். கூட்டமும் பாட்டும் தேடுகிறவர்கள் கெவலாருக்கே போகலாம்.

பெந்தெகோஸ்தே 2026இல் மே 24, 2027இல் மே 16. திரி ஏறுவதைப் பார்க்கச் சாலையோரத்தில் இடம் பிடிப்பதானால் மதியமே போய்விட வேண்டும். பாதி ஏற்றத்தில், சாலை திரும்பும் இடத்தில் நிற்பது உத்தமம். ஆள் மாறுவதையும் நுனி ஆடுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். உச்சியில் காத்திருப்பவர்களுக்குக் கூட்டத்தின் முதுகுதான் தெரியும்.

கூட்டமே வேண்டாம், மாதாவோடு தனியாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு டிசம்பர் 18. பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் மரியாவுக்குத் திருச்சபை மரபில் உரிய நாள் அது, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால். அந்த மாதத்தில் டான்யூப் பள்ளத்தாக்கில் மூடுபனி நாள்கணக்கில் கலையாமல் கிடக்கும். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். கையுறை, கைவிளக்கு இரண்டும் வேண்டும். இறங்குவதற்கு முன், மாலை ரயிலின் நேரத்தை மேலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கீழே போகன் நிலையத்தில் குளிருக்கு ஒதுங்க வசதி குறைவு.