தம்பியின் விரலும் விபத்துப் பதிவேட்டின் ஒரு வரியும்

2022 டிசம்பரில், ஈரோடு மாவட்டத்தில் உள்ள ஒரு மாட்டுப் பண்ணையில், சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தில் என் தம்பியின் வலக்கை ஆள்காட்டி விரல் சிக்கியது. உருளைகளுக்கு இடையே அடைத்துக்கொண்ட தட்டை அவன் கையால் தள்ளியபோது அவை விரலையும் சேர்த்து இழுத்துவிட்டன. மோட்டாரை நிறுத்துவதற்குள் இரண்டு கணுக்கள் போய்விட்டன.

துண்டான பகுதியை ஐஸ் கட்டிகளுக்குள் அப்படியே போட்டு எடுத்துச் சென்றோம். ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைத்திருக்க வேண்டும் என்பது மருத்துவர் சொன்ன பிறகே தெரிந்தது. சதை நசுங்கியும் போயிருந்ததால் ஒட்டவைக்க இயலவில்லை.

மருத்துவமனை வாசலில் பண்ணை உரிமையாளர், "வீட்ல அருவா பட்டுருச்சுன்னு சொல்லிருங்க, செலவ நான் பாத்துக்கறேன்" என்றார். வலியில் இருந்த தம்பி தலையாட்டிவிட்டான். நான் இசையவில்லை. 'வேலை செய்த பண்ணையில் தட்டு வெட்டும் இயந்திரத்தில் கை சிக்கியது' என்று மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்தேன். பின்னர் எங்கள் வழக்கு முழுவதும் நின்றது அந்த ஒரு வரியின் மேல்தான்.

இழப்பீடு கோரித் தொழிலாளர் துறை ஆணையரிடம் மனு செய்ய அப்போது இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. விவசாயக் கூலித் தொழிலாளிக்கு இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஆனால் மின்சாரத்தால் இயங்கும் கருவிகளைக் கொண்டு விவசாய வேலை செய்வோரையும் அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில் சேர்த்திருந்ததை எங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். நாங்கள் சொன்ன கூலித் தொகையையும் அவர்கள் மறுத்தார்கள். வாரந்தோறும் கைபேசி வழியாக வந்த 2,800 ரூபாய்க்கான வங்கிக் கணக்கு விவரம் அதற்குப் பதிலாயிற்று.

மாதக் கூலி 12,000 ரூபாய். அதில் 60 சதவீதத்தை, அந்தச் சட்டத்தில் 40 வயதுக்குரிய 184.17 என்ற காரணியால் பெருக்கி, ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்களை இழந்ததற்கான 11 சதவீதத்தைக் கணக்கிட்டபோது 1,45,862 ரூபாய் வந்தது. ஒரு மாதத்துக்குள் தராததற்கு 12 சதவீத வட்டியும் சேர்ந்தது.

தொகையைப் பெற்றுக் கையெழுத்திடுகையில் தம்பி பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்திருந்தான். எழுத அந்தப் பிடி பழகிவிட்டது. பால் கறக்கத்தான் இன்னும் பழகவில்லை.