கும்பகோணத்தில் நடை, பழையாறையில் சைக்கிள்

கும்பகோணத்துக்கு வெளியூரிலிருந்து வருபவர்களில் பாதிப்பேர் வேனில் வருகிறார்கள், விடியற்காலையில் கிளம்பி ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் முடித்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கிறார்கள். வேண்டுதலுக்காக வருபவர்களை நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஊரைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அந்த வேனில் ஏறாதீர்கள். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் அடங்கிவிடுகிற ஊர் இது. எந்தச் சன்னதித் தெருவில் நுழைந்தாலும் அது ஒரு கோபுரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், வண்டி தேவையே இல்லை.

அரையாண்டு விடுமுறைக்குப் பாணாதுறைப் பக்கம் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஊருக்குள் நடை, வெளியே சித்தப்பாவின் சைக்கிள் என்று முடிவு செய்துகொண்டேன்.

நடக்க ஆரம்பிப்பவர்கள் நாகேஸ்வரன் கோயிலிலிருந்து ஆரம்பியுங்கள். சித்திரையில் சில நாட்கள் காலை வெயில் நேராகக் கருவறைக்குள் லிங்கத்தின் மேல் விழும், அதற்குத்தான் இந்தக் கோயில் பேர் பெற்றது. நான் போனது மார்கழி, எனக்கு வேண்டியிருந்தது கருவறையின் வெளிச்சுவர். ஆதித்த சோழன் காலம், அதாவது 9ஆம் நூற்றாண்டின் கடைசி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நூறு வருடத்துக்கும் முந்தியது. பின்புறச் சுவரில் அர்த்தநாரி நிற்கிறார், அவருக்கு இரண்டு பக்கமும் சுற்றிலும் மாடங்களில் ஆணும் பெண்ணுமாக மனித உருவங்கள். தெய்வங்கள் இல்லை, மனிதர்கள். ஒருத்தி இடுப்பை ஒருக்களித்து நிற்கிறாள், அந்த முகத்தில் இருக்கிற அமைதி யாரோ ஒரு குறிப்பிட்ட பெண்ணை நேரில் பார்த்துச் செதுக்கியது போலவே இருக்கிறது. யார் என்று கல்லில் பெயர் இல்லை. அரச குடும்பமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்புறம் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள், உள்ளங்கை அகலக் கல்லில் ராமாயணக் காட்சிகள் வரிசையாக ஓடுகின்றன. பிரகாரம் சுற்றுபவர்கள் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிற சுவர் இது, நான் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுதைக் கழித்தேன்.

இதே கோயிலில் சக்கரமும் குதிரையும் வைத்துத் தேர் வடிவில் ஒரு மண்டபம் உண்டு. கொஞ்ச தூரத்தில் சாரங்கபாணி கோயிலுக்குப் போனால் அங்கே கருவறையே தேர். இந்த ஊர்க்காரர்களுக்குக் கல்லில் தேர் செய்வதில் அப்படி என்ன ஆசையோ! சாரங்கபாணி கோபுரம் பதினொரு நிலை, தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அதனால் முதலில் கீழ்நிலையில் உள்ள நடனச் சிற்பங்களைப் பாருங்கள்.

கோபுரத்துக்கு எதிரே அதே சன்னதித் தெருவில்தான் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. ஓட்டு வீடு, திண்ணை, உள்ளே ஜன்னலோரம் ஒரு கட்டில். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் நினைவில்லமாக வைத்துப் பராமரிக்கிறது. இங்கிருந்து அவர் படித்த டவுன் ஹைஸ்கூலுக்கு நடந்தே போகலாம், காவிரிக் கரையில் இருக்கும் அரசுக் கலைக் கல்லூரிக்கும் நடந்தே போகலாம். 1854இல் தொடங்கிய கல்லூரி அது. 1904இல் அங்கே சேர்ந்தவர் கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் வைக்காமல் உதவித்தொகையை இழந்தார். அந்தத் தெருவில் நடக்கும்போது புத்தகத்தில் படித்த ஆள் பக்கத்து வீட்டுப் பையனாகிவிடுகிறார், எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

ராமசாமி கோயிலையும் விட்டுவிடாதீர்கள். ரகுநாத நாயக்கர் கட்டியது. முன்மண்டபத் தூண் ஒவ்வொன்றும் நின்று பார்க்க வேண்டியது, பிரகாரச் சுவர் முழுக்க ராமாயண ஓவியம், உள்ளே அனுமார் கையில் வீணை. மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களை எடுப்பித்தவர் அதே நாயக்கரின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். நடுவில் பசித்தால் இட்லிக்குக் கடப்பா எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போங்கள், உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்த அந்தக் குழம்பு இந்தப் பக்கத்துச் சொத்து. டிகிரி காபி பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

சரி, சைக்கிள்.

"வெயில் ஏறுறதுக்குள்ள தாராசுரம் போயிடு, கல்லு சுட ஆரம்பிச்சா உள்ள நிக்க முடியாது" என்றார் சித்தப்பா. தாராசுரம் நாலைந்து கிலோமீட்டர்தான். ஐராவதேஸ்வரர் கோயில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தஞ்சை விமானத்தின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் தஞ்சாவூரில் தலை மேலே போகும், இங்கே கீழே போகிறது. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை மட்டும் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார்களின் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக, மேலே சோழர் காலத் தமிழில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு பெயரைப் படித்துவிட்டேன் என்றதும் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. ஒரு கல்லில் நிற்கும் கர்ப்பிணியைத் தோழிகள் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துப் பிரசவம் பார்க்கிறார்கள். ராஜா கட்டிய கோயிலில் அதற்கும் இடம் இருந்திருக்கிறது. முன்மண்டபம் இங்கேயும் தேர்தான்.

வெளியே பட்டு நெசவுத் தெருக்கள். தறிச் சத்தம் கேட்டு ஒரு வாசலில் நின்றபோது உள்ளேயிருந்த பெரியவர், "சைக்கிள்லயா வந்தீங்க தம்பி? அப்ப பட்டீஸ்வரம் ரோட்டுல போங்க, பழையாறை வரும், நிழலா இருக்கும்" என்று வழி சொன்னார்.

பழையாறை சோழர்களின் இரண்டாவது தலைநகரம். அங்கே போய்ப் பார்த்தால் அரண்மனை கிடையாது, கதிர் வாங்கிய சம்பா வயலும் வாய்க்காலும் தென்னையும்தான். காரில் போனால் ஒன்றுமே இல்லாத ஊர் என்று திரும்பிவிடுவோம். மிதித்துக்கொண்டு போகும்போதுதான் ஊர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக வருகின்றன: சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பைப்படையூர். மாளிகையும் படைவீடுகளும் இருந்த நகரம் எவ்வளவு அகலம் என்று என் கால்கள் கணக்குச் சொல்லிவிட்டன. கீழப்பழையாறையில் சோமநாதர் கோயில் சிதைந்த கோபுரத்தோடு நிற்கிறது, அதிலும் தேர்மண்டபம்!

பட்டீஸ்வரத்தில் துர்க்கைக்கு நல்ல கூட்டம். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, ராமநாதன்கோயில் என்கிற சிற்றூரில், ராஜேந்திர சோழன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படை இருக்கிறது. கங்கை வரை படை அனுப்பிய அரசன், தன்னைப் பெறாத தாய்க்குக் கட்டிய நினைவுக் கோயில். சின்னக் கோயில், நான் இருந்த நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. தஞ்சாவூருக்கும் கங்கைகொண்டசோழபுரத்துக்கும் போகிற கூட்டத்தில் நூறில் ஒருவராவது இங்கே வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை சரியான மாதங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் போனால் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீரைப் பார்க்கலாம். நல்ல மழைக்கு மறுநாள் தாராசுரம் வேண்டாம், கோயில் பள்ளத்தில் இருப்பதால் பிரகாரத்தில் தண்ணீர் நின்றுவிடும். கோயில்கள் மதியம் நடை சாத்துவார்கள், அந்த நேரத்தைச் சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மகாமகம் 2028இல், அப்போது ஊருக்குள் நடக்கவே இடம் இருக்காது, அதனால் நிதானமாகச் சுற்ற நினைப்பவர்கள் அதற்கு முன்பே ஒரு தடவை போய் வந்துவிடுங்கள்.