கோயிலிலிருந்து எத்தனை மீட்டர்?

எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் வணிக வளாகத்தில் கட்டில், மெத்தை விற்ற கடை ஒன்று வெகு நாளாக மூடிக் கிடந்தது. ஒரு நாள் காலையில் அதன் கண்ணாடியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. முதலில் பார்த்தவர் எங்கள் காவலாளி. பக்கத்து ஊரான உம்லாசியிலிருந்து வேலைக்கு வருகிறவர். போனில் படம் எடுத்து வந்து, ஒன்றும் சொல்லாமல் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். வளாகத்தில் உள்ள சூப்பர் மார்க்கெட் அந்த இடத்தில் மதுக்கடை திறக்க உரிமம் கேட்டிருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பாட்டில் ஸ்டோருக்கு, அதாவது மதுக்கடைக்கு, நான் மேனேஜர். பதினேழு வருஷமாகிறது. கும்பகோணம் பக்கத்திலிருந்து கணக்கு எழுத வந்தவன், கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிறவெறி ஆட்சி இந்தியர்களை ஊருக்குள்ளிருந்து கிளப்பிக் கொண்டுவந்து குடியேற்ற 1960களில் உருவாக்கிய இடம் சாட்ஸ்வொர்த். இங்கே தெருவுக்கு ஒரு கோயிலோ சர்ச்சோ பள்ளிக்கூடமோ இருக்கும். முதலாளி நான்காம் தலைமுறைத் தமிழர். 'தம்பி', 'தண்ணி', 'போதும்' இவற்றைத் தாண்டி அவருக்குத் தமிழ் வராது. நான் அவரை அங்கிள் என்பேன். அவருடைய அம்மா மட்டும் வட ஆற்காட்டு வாடையோடு தமிழ் பேசுவார், அவரை நாங்கள் ஆயா என்போம். அவருக்கு எங்கள் கடை இன்றைக்கும் 'சாராயக் கடை'தான்.

வந்த புதிதில் நடந்த ஒரு கூத்து. ஒருவர் 'குவார்ட்' கேட்டார். நம் ஊர் குவார்ட்டர் என்று நினைத்துச் சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினேன். இங்கே குவார்ட் என்றால் 750 மில்லி பீர் பாட்டில். நம் குவார்ட்டருக்குக் கிட்டத்தட்ட சமமானது 200 மில்லி 'நிப்'. வாங்க வந்தவர் அந்தச் சின்ன பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் வைன் மட்டும் வைக்கலாம். பீர், பிராந்தி, 'கேன்' என்கிற கரும்புச் சாராயம் எல்லாவற்றுக்கும் தனிக் கடை, தனி உரிமம் வேண்டும். அதனால் பெரிய நிறுவனங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஒட்டினாற்போல் இன்னொரு வாசல் வைத்து மதுக்கடை நடத்துகின்றன. முதலாளி ஒருவர், பெயர்ப்பலகையின் நிறமும் ஒன்று, சட்டத்துக்காக வாசல் இரண்டு. விற்பனை நேரம் முடிந்தால் சூப்பர் மார்க்கெட்டில் வைன் இருக்கும் வரிசைக்குக் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். ரொட்டி வாங்க வந்தவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ரொட்டிக்குப் பக்கத்தில் வைன் இருக்கலாமா என்கிற கேள்வி இந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கிழக்குக் கேப் மாகாணம், மளிகைக் கடைகளின் வைன் உரிமங்கள் பத்து வருஷத்தில் காலாவதியாகும் என்று சட்டம் போட்டது. தனிக் கடை வைத்தால் எல்லா மதுவும் விற்கலாம் என்று மாற்றுவழியும் கொடுத்தது. ஒரு பெரிய நிறுவனம் உரிமமும் சொத்துதான், பறிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டது. சொத்து என்பது சரி, ஆனால் மாகாணம் தன்னிச்சையாகப் பறித்துவிடவில்லை என்று 2015இல் தீர்ப்பு வந்தது. இப்படி மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மதுச் சட்டத்தில் மண்டேலா 1999இல் கையெழுத்துப் போடாமல் அதே நீதிமன்றத்துக்கு அனுப்பினார். சில்லறை உரிமம் மாகாணத்தின் அதிகாரம், அதில் மத்திய அரசு கைவைக்க முடியாது என்றது நீதிமன்றம். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் தனிச் சட்டம் 2010இல் வந்தது.

அங்கிளிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "தம்பி, நீ கோயிலுக்குப் போறவன். கமிட்டிக்காரங்க உன் பேச்சக் கேப்பாங்க" என்றார் ஆங்கிலத்தில். மேற்கொண்டு சொல்லத் தேவையிருக்கவில்லை.

அன்று ராத்திரியே ஆட்சேப மனுவை எழுதினேன். பள்ளிக்கூடம் அருகில், கோயில் அருகில், இளைஞர்கள் கெட்டுப்போவார்கள், குடும்பங்கள் அழியும், ஏற்கெனவே இந்தப் பகுதியில் போதுமான கடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் உண்மை. பொய் ஒன்றுகூட எழுதவில்லை. எழுதும்போது முதுகுக்குப் பின்னால் பீர் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது. 'போதுமான கடைகள்' என்று எழுதின இடத்தில் மட்டும் கை சற்று நின்றது.

அது புரட்டாசி. இந்த நாட்டுத் தமிழர்கள் புரட்டாசியை அனுஷ்டிப்பதுபோல் நம் ஊரில்கூட எல்லாரும் செய்வதில்லை. மாதம் முழுக்க கறி கிடையாது, குடி கிடையாது. எங்கள் கடையில் வியாபாரம் படுத்துவிடும், நான் கணக்குப் புத்தகங்களைத் தூசு தட்டி நேர்ப்படுத்துவேன். மனுவுக்குக் கையெழுத்து வாங்க அதைவிட நல்ல மாதம் ஏது? சனிக்கிழமை பூஜை முடிந்து வெளியே வந்தவர்கள் நெற்றியில் நாமத்தோடு வரிசையில் நின்று போட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் மாதம் முடிந்த மறுநாள் எங்கள் கடையில் என்ன வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆயாவிடமும் நீட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடைய மூடச் சொல்ற, அந்தக் கடையயா, நம்ம கடையயா?" என்றார். அங்கிளுக்கு விளங்கவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆயாவின் அப்பா வடக்குக் கடற்கரையில் கரும்பு வெட்டியவர். எங்கள் கடையில் இன்றைக்கும் அதிகம் போவது கேன்தான். கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வடிக்கிற, தண்ணீர்போல் நிறமில்லாத சாராயம். கோலா கலந்து குடிப்பார்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து முதல் கூட்டம் வந்து இறங்கியதே கரும்புக்குத்தான். வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அதையே பாட்டிலில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், நான் ரசீது போடுகிறேன்.

ஒரு மதியம் வியாபாரமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, இந்தியாவில் உரிமம் யார் தருவார்கள் என்று அங்கிள் கேட்டார். தமிழ்நாட்டில் உரிமப் பேச்சே இல்லை, 2003 கடைசியிலிருந்து சில்லறை விற்பனையை அரசாங்கமே நடத்துகிறது என்றேன். சிரித்தார், நிறுத்த முடியாமல் சிரித்தார். பக்கத்தில் நின்ற காவலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கேயும் அப்படித்தானே இருந்தது என்றார். 1908இல் நட்டாலில் வந்த சட்டப்படி டர்பன் நகராட்சிதான் கறுப்பர்களுக்குச் சோளப் பீர் காய்ச்சி விற்றது. வேறு யாரும் விற்கக் கூடாது. அந்தக் காசிலேயே அவர்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்தையும் நடத்தியது. வீட்டில் காய்ச்சிய பெண்களின் பானைகளைப் போலீஸ் உடைத்தது. 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் நகராட்சி பீர் கூடத்துக்குள் புகுந்து, குடித்துக்கொண்டிருந்த ஆண்களைக் கம்பால் அடித்து விரட்டினார்கள். காவலாளியின் பாட்டி அந்தக் கூட்டத்தில் இருந்தவராம். நான் அவருக்கு சசிபெருமாளைப் பற்றிச் சொன்னேன். 2015இல் மார்த்தாண்டம் அருகே மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி, உயிரை விட்டவர். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்தார், ஆறு 'டம்பி', சின்ன பீர் பாட்டில், கேட்டார்.

முழுத் தடை எப்படியிருக்கும் என்பதையும் பார்த்தாயிற்று. கொரோனா முடக்கத்தோடு 2020 மார்ச் 27இல் மது விற்பனையை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தில் திடீரென்று எல்லாரும் அன்னாசிப்பழம் வாங்கினார்கள். ஈஸ்டும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்தால் பீர். ஜூன் 1, திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குக் கதவைத் திறந்தபோது வரிசை பெட்ரோல் பங்கைத் தாண்டி வளைந்திருந்தது. என்னை யாரும் அவ்வளவு அன்பாக 'குட் மார்னிங் அண்ணா' என்றதில்லை. அதற்குள் ஜூலை 12 ஞாயிறு ராத்திரி டிவியில் வந்த ஜனாதிபதி ராமபோசா, இந்த நிமிஷத்திலிருந்து மறுபடி தடை என்றார். அந்த வெள்ளிக்கிழமைதான் கடனுக்கு லாரி நிறையச் சரக்கு இறக்கியிருந்தோம். அப்படி நான்கு தடவை. நான்காவது தடையின் நடுவில் 2021 ஜூலைக் கலவரம் வந்தது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். எங்களுக்கு நஷ்டம்தான். ஆனால் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அங்கிளின் மகள், தடை நாட்களில் சனி ராத்திரி விபத்துப் பிரிவில் உட்கார்ந்து டீ குடிக்க முடிந்தது என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படியொரு சனிக்கிழமையை அவள் பார்த்ததில்லை. அவள் சொன்னபோது அங்கிள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விசாரணை நாள். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். சூப்பர் மார்க்கெட்டின் வக்கீல் வரைபடம் கொண்டுவந்திருந்தார். நானும் சும்மா போகவில்லை. 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு மசோதா, பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டு இடத்துக்கும் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. குடிக்கும் வயதையும் 18இலிருந்து 21ஆக்கச் சொன்னது. சட்டமாகாமல் அப்படியே கிடக்கிறது. ஆனாலும் 500 என்கிற எண் எல்லார் வாயிலும் இருக்கிறது. 2022 ஜூனில் இந்த நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகரத்தில் ஒரு மதுக்கூடத்தில் 21 பிள்ளைகள் ஒரே இரவில் செத்துப்போன பிறகு இன்னும் அதிகம். அதைப் பிடித்துக்கொண்டு பேசினேன். கோயிலிலிருந்து அந்த வாசல் 410 மீட்டர், காரில் அளந்தேன் என்றேன். கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள்.

நடுவில் இருந்த அம்மா பேனாவை மூடினார். "உங்கள் கடை எத்தனை மீட்டர்?"

அதையும் அளந்திருந்தேன், அதுதான் கொடுமை. "340" என்றேன்.

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. அங்கிள் எழுந்து, நாங்கள் கோயிலின் புது மண்டபத்துக்கு முன்னாலிருந்தே இங்கே இருக்கிறோம் என்றார். அது குறிப்பில் ஏறியதா தெரியாது.

வீட்டுக்கு வந்து மகனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸ் எடுத்து, அச்செடுத்த சாட்ஸ்வொர்த் வரைபடத்தில் ஒவ்வொரு கோயிலுக்கும் சர்ச்சுக்கும் மசூதிக்கும் பள்ளிக்கும் 500 மீட்டர் வட்டம் போட்டேன். முப்பது வட்டத்துக்கு மேல் பென்சில் முனை மழுங்கிவிட்டது. வெள்ளையாக மிஞ்சியது ஒரு சரிவும் கொஞ்சம் நெடுஞ்சாலையும். நெடுஞ்சாலை என்றதும் தமிழ்நாடு ஞாபகம் வந்தது. 2017இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளவேண்டி வந்தபோது, கடைகள் ஊருக்குள் தெருக்களுக்கு நகர்ந்தன. பெண்கள் துடைப்பத்தோடு வந்து நின்றார்கள். ஒரு சட்டம் சாலையிலிருந்து கோயிலை நோக்கித் தள்ளுகிறது, இன்னொன்று கோயிலிலிருந்து சாலையை நோக்கித் தள்ளுகிறது. குடிக்கிறவன் இரண்டு இடத்துக்கும் நடந்தே போய்விடுவான்.

உரிமம் கிடைத்துவிட்டது. பலூன் கட்டித் திறந்தார்கள். பிராந்தி எங்களைவிட இருபது ராண்ட் மலிவு.

எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமைதோறும் கூலி வாங்கிய கையோடு ஒருவர் வருவார். அவர் மனைவி ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கல்லாவுக்கு வந்து, "அண்ணா, அவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு நிப்புக்கு மேல குடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒன்றுதான் கொடுப்பேன். முதலில் கத்தினார், பிறகு பழகிவிட்டார். எந்தச் சட்டத்திலும் இதற்கு இடமில்லை. பதினெட்டு வயது தாண்டிய, நிதானத்தோடு நிற்கிற ஒருவருக்கு நான் மறுக்கக் காரணமே இல்லை. மனுவில் இதை எழுதியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. எழுதியிருந்தால் எங்கள் கடையைப் பற்றியும் எழுதவேண்டி வந்திருக்கும்.

புதுக் கடை திறந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை அவர் எங்கள் வாசலைக் கடந்து போனார், கையில் அந்தக் கடைப் பை. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார், கோபமெல்லாம் இல்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் மனைவி வந்தார். "அண்ணா, அங்கயும் கொஞ்சம் சொல்லி வைக்க முடியுமா?"

அங்கிளிடம் சொல்லாமல் போனேன். அந்தத் தனி வாசல் வழியாக அன்றுதான் முதல் தடவை நுழைந்தேன். மேனேஜர் சின்னப் பையன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரன், மரியாதையாக நாற்காலி போட்டான். முழுக்கக் கேட்டான். கல்லாவில் ஆறு பேர் மாறி மாறி நிற்கிறார்கள், அவர்களுக்குக் குறிப்பு எழுதி வைக்கிறேன் அங்கிள், ஆளின் பெயர் என்ன என்றான்.

அத்தனை வருஷத்தில் நான் அவர் பெயரைக் கேட்டதேயில்லை. சாம்பல் நிறத் தொப்பி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார், வெள்ளிக்கிழமை நாலரைக்கு வருவார் என்றேன்.

பையன் பேனாவைக் காகிதத்தில் வைத்தபடியே என்னைப் பார்த்தான். "அங்கிள், வெள்ளிக்கிழமை நாலரைக்கு இங்க நாப்பது தொப்பி நிக்கும்" என்றான்.