அனுபவக் கட்டுரைத் தாள்: 38-லிருந்து 71-க்கு வந்த கதை

சொந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதும் தாளுக்குச் செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. நூற்றுக்கு 71. போன முறை 38. நடுவில் ஏழு மாதம். இந்த ஏழு மாதத்தில் என்ன செய்தாய் என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் ஒரே பதிலைத் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கட்டுரைத் தொகுப்பு, தேர்வு ஹாலில் எழுதும் கட்டுரை, நேர்காணல் என்று இந்தத் தாளில் மூன்று பகுதி. எதற்கு எத்தனை மார்க் என்பதற்குள் போகவில்லை.

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். 38 வாங்கிய அந்தக் கட்டுரை நான் அழுதுகொண்டே எழுதியது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாள், அந்தப் பதினொரு நாளும் அண்ணன் எட்டிப் பார்க்காதது, அப்புறம் இரண்டு வருடம் எங்களுக்குள் பேச்சே இல்லாமல் போனது. படித்த நண்பர்கள் இரண்டு பேர் கண் கலங்கினார்கள், ஒருத்தி போன் போட்டு அரை மணி நேரம் பேசினாள். திருத்தியவரோ ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இதில் நீங்கள் எங்கே?"

கோபம் தலைக்கேறியது. ஒவ்வொரு வரியிலும் நான்தானே இருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு திருத்தினாரா என்று மறுமதிப்பீட்டுக்குப் போட்டேன். அதே 38.

அதற்கப்புறம் எல்லோரும் செய்வதையெல்லாம் செய்தேன். முதல் வரி பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார்கள், நாற்பது முதல் வரி எழுதினேன். ஐம்புலனும் வர வேண்டும் என்றார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவின் மருந்து நெடியை நாலு வரி இழுத்தேன். தலைப்பை மாற்று, சின்ன விஷயமாக எடு என்றார்கள், பள்ளிக்கூடத்தில் தொலைத்த குடையைப் பற்றி எழுதிப் பார்த்தேன். அந்தக் குடைக் கட்டுரை எவ்வளவு மோசம் என்றால் அதைத் திருப்பிப் படிக்க எனக்கே பொறுமையில்லை. இந்த ஆலோசனைகள் தப்பு என்று சொல்லவில்லை. என் நோய்க்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான்.

நான் கணக்கு வேலை பார்ப்பவன். எதுவும் பிடிபடவில்லை என்றால் எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் "நான்" எந்தெந்த வடிவத்தில் வருகிறேன் என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். ஏறக்குறைய 900 சொல் கட்டுரை. "எனக்கு" 31 இடத்தில். "என்னை" 14. "ஏன்" என்று முடியும் தன்மை வினைமுற்று 22, அதிலும் பதினாறு அழுதேன், தவித்தேன், உணர்ந்தேன், நினைத்தேன் வகை. மிச்சம் ஆறு. உட்கார்ந்தேன், காத்திருந்தேன், எழுந்தேன், காத்திருந்தேன், பார்த்தேன், காத்திருந்தேன்.

பதினொரு நாளில் நான் செய்த காரியம் இவ்வளவுதானா? மூன்று தடவை காத்திருந்ததா?

இந்த எண்ணிக்கையைத்தான் இங்கே அடித்துச் சொல்லப் போகிறேன். அளவுக்கு மீறிச் சொல்கிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும். தமிழில் ஒரு வசதி இருக்கிறது, அனுபவக் கட்டுரை எழுதுகிறவனுக்கு அதுவே படுகுழி. எனக்குத் தெரியவில்லை, எனக்கு வலித்தது, எனக்குப் பிடிக்கவில்லை, எனக்குக் கோபம் வந்தது. கோபம் எங்கிருந்தோ நடந்து வருகிறது, நான் வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன். "எனக்கு" என்று ஆரம்பித்துவிட்டால் நான் அந்த வாக்கியத்தில் எதையும் செய்ய வேண்டியதில்லை, எல்லாம் என்மேல் வந்து விழும். பேச்சில் இது சாதாரணம், இதைத் தவிர்த்துப் பேசவே முடியாது. ஆனால் 900 சொல்லில் 31 முறை வந்தால், எழுதியவன் ஒரு நாற்காலி மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று பொருள்.

எனக்கு, என்னை என்பதோடு முடியவில்லை. வினையை மாற்றியும் தப்பிக்கலாம். உடைந்தது என்றால் தானாக உடைந்தது, உடைத்தேன் என்றால் கை என்னுடையது. நின்றது, நிறுத்தினேன். தவறியது, தவறவிட்டேன். மறந்துபோனது, மறந்தேன். என் கட்டுரையில் "எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது" என்று ஒரு வரி இருந்தது. நண்பர்கள் கண் கலங்கிய இடம் அது. அதைப் பிறவினையாக மாற்றி எழுதிப் பார்க்கலாம் என்று, வெறும் இலக்கணப் பயிற்சி மாதிரி, "பேச்சை நிறுத்தினேன்" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். ஏனென்றால் அதுதான் உண்மை. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தியது நான்.

சரி, அப்படியானால் அந்த முதல் ராத்திரி நான் என்ன செய்தேன் என்று வினைச்சொல்லாகப் பட்டியல் போட்டேன், உணர்ச்சி எதுவும் கலக்காமல். படிவம் நிரப்பினேன். கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். பதினோரு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டு ரிங் போனதும் கட் செய்தேன். அம்மாவிடம் "எடுக்க மாட்டேங்கிறான்" என்று சொன்னேன்.

கடைசி இரண்டு வரியும் முதல் கட்டுரையில் இல்லை. மறைத்தேன் என்று சொன்னால்கூட அது கொஞ்சம் பெருமையாகிவிடும். எனக்கு அது நினைவிலேயே வரவில்லை, ஏனென்றால் "அவன் போனை எடுக்கவில்லை" என்ற வாக்கியம் இரண்டு வருடமாக அந்த இடத்தில் உட்கார்ந்து அதை அடைத்துக்கொண்டிருந்தது. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவன் எடுக்காமல் இருந்தால் நல்லது, நான் ஒருவனே நல்ல பிள்ளையாக இருந்துவிடலாம் என்ற கணக்கு அந்த இரண்டு ரிங்கில் இருந்ததா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இரண்டாம் முறை எழுதிய கட்டுரை அதே ஆஸ்பத்திரி, அதே அண்ணன், அந்த ஒரு ராத்திரி மட்டும். 71.

எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு:

1. முதல் வரைவை இஷ்டத்துக்கு எழுதுங்கள். அழுவதென்றால் அழுங்கள். எழுதும்போது எண்ணாதீர்கள், கை நின்றுவிடும்.
2. இரண்டு நாள் கழித்து எனக்கு, என்னை, என்னால் மூன்றுக்கும் வட்டம். தானாக நடந்ததாகச் சொல்லும் வினைகளுக்கு அடிக்கோடு.
3. வட்டம் அதிகம் விழுந்த பத்தியில்தான் நீங்கள் எதையோ தாண்டிப் போகிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கை, கால், வாய் என்ன செய்தன என்று வினைமுற்றுப் பட்டியல்.
4. பட்டியலில் எந்த வரியை எழுதக் கூசுகிறதோ அதைச் சுற்றித்தான் கட்டுரை. மற்றதை வெட்டுங்கள்.
5. எல்லா "எனக்கு"வையும் கொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும் என்பதை வேறெப்படிச் சொல்வது? என் இரண்டாம் கட்டுரையில் ஒன்பது இருந்தது. இதை எழுதும்போதே எத்தனை வந்திருக்கிறது என்று வேலையில்லாதவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

நீங்கள் எல்லாவற்றுக்கும் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளும் சுபாவம் என்றால் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கட்டுரையில் "ஏன்" வினைகள் ஏற்கெனவே நிறைய இருக்கும், அடுத்தவர் செய்ததுதான் விட்டுப்போயிருக்கும். எதிர்ப்பக்கமாக எண்ணுங்கள். உங்களுக்கு நிஜமாகவே அநியாயம் நடந்திருந்தால், அதில் உங்கள் தப்பைத் தேடச் சொல்லவில்லை. அப்போதும் நீங்கள் எதையாவது பார்த்தீர்கள், எதையாவது பிடித்துக்கொண்டீர்கள், எங்கோ திரும்பினீர்கள் இல்லையா, அதுதான் வேண்டும்.

வாசித்ததில் உதவியது அதிகமில்லை. ஒன்று சொல்லலாம். வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1967-இல் ஜோஷுவா வலெட்ஸ்கியோடு சேர்ந்து, சாதாரண ஆட்கள் வாயால் சொன்ன சொந்த அனுபவங்களை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தார். யார், எங்கே, எப்போது என்ற அறிமுகம். சிக்கல். அதை ஏன் சொல்கிறேன் என்ற மதிப்பீடு. முடிவு. மக்களைப் பேச வைக்க அவர் கேட்ட ஒரு கேள்வி, சாகப் போகிறோம் என்று நினைத்த தருணம் உங்களுக்கு உண்டா என்பது. அதற்குப் பதில் சொல்லும்போது ஆட்கள் தங்கள் பேச்சைத் திருத்திக்கொள்ள மறந்துவிடுவார்களாம். கேட்கிறவன் "அதனால் என்ன?" என்று கேட்டுவிடக் கூடாது, அந்த வேலையை மதிப்பீடுதான் செய்கிறது. இதை வைத்து என் 38-ஐ அளந்தேன். பாதிக் கட்டுரைக்கு மேல் மதிப்பீடு. சிக்கல் என்று ஒரே வரி, அதுவும் பொய்.

நினைவைப் பற்றியும் கொஞ்சம். புதுக் கட்டுரையை அண்ணனிடம் காட்டினேன். இப்போது பேசிக்கொள்கிறோம், அது தனிக் கதை, அதை எந்தத் தாளுக்கும் எழுதப் போவதில்லை. படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ரெண்டு ரிங்கா? எனக்கு மிஸ்டு காலே வரலையேடா" என்றான். நான் அவனைக் கூப்பிட்டேனா, போனில் அவன் பேரைத் தேடி எடுத்துவிட்டுக் கூப்பிடாமல் இருந்தேனா? இப்போது சத்தியம் செய்ய முடியாது. 1986-இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னது என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார்கள் உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும். இரண்டரை வருடம் கழித்து 44 பேரிடம் அதையே கேட்டபோது, கால்வாசிப் பேர் சொன்னதில் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு ஒத்துவரவில்லை. அவர்களுடைய சொந்தக் கையெழுத்தையே காட்டியபோதும் இப்போதைய நினைவுதான் சரி என்று நின்றவர்கள் இருந்தார்கள். ஆகவே என் கட்டுரையில் ஒரு வரி சேர்த்தேன்: "அண்ணன் அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்கிறான்." நேர்காணலில் பாதி நேரம் அந்த வரியைப் பற்றித்தான் கேட்டார்கள். சந்தேகமாக இருக்கிற இடத்தைச் சந்தேகமாகவே விடுங்கள். "ஒருவேளை", "இருக்கலாம்" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் தெளிக்க வேண்டாம், ஒரு இடத்தில் தெளிவாகச் சொன்னால் போதும்.

மற்றவை, வேகமாக:

பெயர் வேண்டாம். அண்ணன், டாக்டர், பக்கத்துப் படுக்கைக்காரர், போதும். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது, அதை நேர்காணலில் எடுத்துவிட்டால் கொஞ்சம் மரியாதையும் கிடைக்கும்.

நாங்கள், நாம் இரண்டையும் கலக்காதீர்கள். "நாங்கள் காத்திருந்தோம்" என்றால் வாசிப்பவர் வெளியே நிற்கிறார். "நாம் எல்லோரும் இப்படித்தானே" என்று திடீரென்று அவரை உள்ளே இழுத்தால், பெரும்பாலும் நீங்கள் உங்கள் காரியத்துக்குக் கூட்டாளி தேடுகிறீர்கள். நான் மூன்று "நாம்" வெட்டினேன்.

கதை எழுத்துத் தமிழில் போகட்டும், ஆட்கள் பேசும்போது பேசட்டும். என் முதல் கட்டுரையில் அம்மா "அவன் வந்துவிடுவான் மகனே" என்று பேசுகிறாள். என் அம்மா பிறந்ததிலிருந்து அப்படிப் பேசியதில்லை.

"அன்றுதான் நான் உணர்ந்தேன்" என்று எழுதக் கை போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். அன்று யாரும் எதையும் உணர்வதில்லை. எழுதும்போதுதான் உணர்கிறோம், அதைத் தூக்கிப் பழைய தேதியில் போடுவது கள்ளக் கணக்கு.

ஹாலில் என்ன செய்தேன் என்றும் கேட்டார்கள். தலைப்பு, திருப்பிக் கொடுக்காத ஒரு பொருள். அப்பாவின் கடிகாரம் நினைவுக்கு வந்தது, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அண்ணன் இதுவரை கேட்கவில்லை. பதற்றத்தில் முதல் வரியை "எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது" என்று எழுதிவிட்டேன். ஏழு மாதப் பயிற்சி அவ்வளவு லட்சணம். அடித்துவிட்டு, பத்து நிமிடம் வெறும் வினைச்சொற்களை மட்டும் பின்பக்கத்தில் எழுதினேன். கழற்றினேன், வைத்தேன், மறுநாள் கட்டிக்கொண்டேன், யாரோ பார்த்ததும் சட்டைக்கையை இழுத்துவிட்டேன். அந்தச் சட்டைக்கையிலிருந்து ஆரம்பித்தேன். முடிவுரை எழுத நேரமில்லாமல் போனது. அது அதிர்ஷ்டம், நேரம் இருந்திருந்தால் எதையாவது உணர்ந்து தொலைத்திருப்பேன்.

மிச்சம் 29 மார்க் எங்கே போனது என்று கேட்காதீர்கள். பாதி ஒற்றுப்பிழையில் போயிருக்கும். அதற்கு வழி சொல்ல நான் ஆளில்லை.