ஸ்டேஷன் மாஸ்டரின் புத்தகமும் அதை எழுதவைத்தவரும்

புத்தகம் எழுத ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டேன் என்று சொன்னதும் என் பழைய சகாக்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அப்போ எழுதினது யாரு?" ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் புத்தகம் போடுவதே அவர்களுக்கு வேடிக்கை. அதற்குக் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்வது வேடிக்கையிலும் வேடிக்கை. நான் சொன்ன பதிலை அவர்கள் முழுக்க நம்பவில்லை. அந்தப் புத்தகத்தில் அவர் எழுதிய வரி ஒன்றுகூடக் கிடையாது. அவர் திருத்திய வரிகளும் ரொம்பக் குறைவு. கேட்ட கேள்விகள்தான் ஏராளம்.

'புக் கோச்' என்று ஆங்கிலத்திலேயேதான் தன்னை அவர் சொல்லிக்கொள்வார். கோயம்புத்தூர்க்காரர், என் மகள் வயது. நான் தென்காசிப் பக்கம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனில் பேசுவோம். அதற்கு முந்தின நாள் இரவுக்குள் ஓர் அத்தியாயமோ, பாதி அத்தியாயமோ அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் பேச்சு ரத்து; அந்தத் தவணைப் பணம் திரும்பி வராது. நேரத்துக்கே வாழ்ந்து பழகியவனுக்கு இந்தக் கண்டிப்பு பிடித்துப்போனது.

எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியைச் செப்பனிடும் வழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பொறுமையைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் பதிப்பகத்தின் எடிட்டர் கையில் பிரதி போய்ச் சேர, முதலில் பிரதி என்று ஒன்று இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது பழைய டைரிகளும் ஞாபகங்களும்தான். கோச் வருவது அந்தக் கட்டத்தில். எடிட்டருக்குச் சம்பளம் தருவது பதிப்பகம், கோச்சுக்குத் தருவது நாம். இந்த வித்தியாசம் சின்னதல்ல. புத்தகம் விற்குமா விற்காதா என்ற கவலை இல்லாமல் அவரால் கேள்வி கேட்க முடிந்தது.

நான் முதலில் அனுப்பிவைத்தது கொல்லம்–செங்கோட்டை மலைப்பாதையின் வரலாறு. 1904இல் ரயில் ஓடத் தொடங்கியது, பதின்மூன்று கண் பாலம், 1992இல் நாடு முழுக்க ஒரே அளவுப் பாதை என்று வந்த திட்டம், 2010இல் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜை மூடியது, 2018இல் அது அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர் இருந்த இடைவெளி 1,676 மில்லிமீட்டராக மாறிய கதையை ஒரு ஆண்டுகூட விடாமல் எழுதியிருந்தேன். படித்துவிட்டு அவர் கேட்டார்: "சார், இத்தனை பக்கத்துல நீங்க எந்த ஸ்டேஷன்ல நிக்கிறீங்க?" எங்கேயும் நிற்கவில்லை. கடைசியில் அந்த வரலாறு ஐந்தாம் அத்தியாயத்தில் அரைப் பக்கமாக ஒடுங்கியது. மீதியை எழுதியதில் எனக்கு ஒரு லாபம் உண்டு, தேதிகளை இப்போது யார் கேட்டாலும் சொல்வேன்.

சரி, அனுபவத்தையே எழுதுவோம் என்று அடுத்து உட்கார்ந்தேன். அங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. நான் எழுதியது இப்படி இருந்தது: "வண்டி வெளி சிக்னலில் நிறுத்தப்பட்டது. கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது. உரிய நடவடிக்கைக்குப் பின் டோக்கன் பரிமாற்றம் நடைபெற்றது." அவர் போனில் அதை அப்படியே எனக்கு வாசித்துக் காட்டினார். "யாரு நிறுத்துனாங்க, யாரு தெரிவிச்சாங்க? இந்த ஸ்டேஷன்ல ஆளே இல்லையா சார்?"

ஆள் இருந்தார்கள். அவர்களை எழுத்தில் வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலின் பாதி. ரயில்வேயில் வேலை பார்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு வண்டி சில நிமிடம் தாமதமானாலும் 'ஏன்' என்று காகிதம் வரும். பதில் சரியில்லை என்றால் எஸ்.எஃப்.11 வரும், அது சிறு தண்டனைக்கான குற்றச்சாட்டுப் படிவம். விஷயம் பெரிதென்றால் எஸ்.எஃப்.5. இவற்றுக்கு விளக்கம் எழுதியே வளர்ந்தவர்கள் நாங்கள். 'நான் நிறுத்தினேன்' என்று எழுதினால் நீ மாட்டினாய். 'பாயிண்ட்ஸ்மேன் மறந்துவிட்டார்' என்று எழுதினால், ஸ்டேஷனில் பாதை மாற்றிவிடும் ஊழியரான அவன் மாட்டினான், நாளைக்கு அவன் முகத்தில் நீ விழிக்க வேண்டும். ஆகவே யாருமே எதையும் செய்யாத, எல்லாம் தானாகவே நடந்துவிட்ட ஒரு தமிழையும் ஆங்கிலத்தையும் பழகிக்கொண்டோம். நல்ல ஸ்டேஷன் மாஸ்டருக்கு அது அவசியமான திறமைதான், இப்போதும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திறமையை வைத்துக்கொண்டு புத்தகம் எழுத முடியாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதற்காகவே அவருக்குக் கொடுத்த பணம் தகும்.

அவர் கையாண்ட வழி எளிமையானது. "எழுதாதீங்க சார், சொல்லுங்க. டோக்கன்னா என்ன? எனக்கு ரயில்ல ஏற மட்டும்தான் தெரியும்." நான் பேசினேன், அவர் பதிவு செய்துகொண்டார். பதிவை எனக்கு அனுப்பி, என் குரலை நானே கேட்டு எழுதச் சொன்னார்.

அப்படி வந்த பகுதி இது. ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்காக இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒரு சிவப்புப் பெட்டி. அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதித்தால்தான் என் பெட்டியிலிருந்து ஓர் இரும்பு உருண்டை வெளியே வரும், அதுதான் டோக்கன். அதைத் தோல் பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பாரத்து ஓரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்காத வண்டி என்றால் வேகம் மட்டும் கொஞ்சம் குறையும். உதவி டிரைவர் குனிந்து, ஓட்டத்திலேயே வளையத்துக்குள் கையைக் கொடுத்து அள்ளிக்கொண்டு போவார். முந்தின ஸ்டேஷன் வளையத்தைக் கீழே வீசுவார். வீசிய வளையம் எங்கே விழும் என்று சொல்ல முடியாது, புதருக்குள் டார்ச் அடித்துத் தேடிய இரவுகள் உண்டு. இரவில் பாயிண்ட்ஸ்மேன் பக்கத்தில் ஒரு பந்தம் எரியும், வளையம் டிரைவர் கண்ணுக்குத் தெரிவதற்காக. மழை நாளில் அந்தப் பந்தத்தை அணையாமல் காப்பது தனிப் பாடு. உதவி டிரைவர்களின் முழங்கை மடிப்பைப் பார்த்தாலே எத்தனை வருஷ சர்வீஸ் என்று ஊகித்துவிடலாம், அங்கே தோல் கன்றிக் கறுத்திருக்கும்.

'டோக்கன் பரிமாற்றம் நடைபெற்றது' என்ற வாக்கியத்துக்குள் இத்தனை பேர் இருந்தார்கள்.

பிரைவேட் நம்பர் விஷயமும் அப்படி வந்ததுதான். வண்டியை விடுவதற்கு முன், சாலை பாதையைக் கடக்கும் இடத்தில் இருக்கும் கேட்கீப்பரைப் போனில் கூப்பிட்டு கேட்டை மூடச் சொல்வோம். மூடிவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. அவரிடம் இருக்கும் தாளில் இரண்டு இலக்க எண்கள் வரிசை இல்லாமல் கலைந்து அச்சடித்திருக்கும். அடுத்த எண்ணை அவர் சொல்ல வேண்டும், சொன்னதும் அடித்துவிட வேண்டும். அந்த எண்ணை நான் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் வண்டி. கோச் உடனே கேட்டார்: "மூடாமலே நம்பர் சொல்லிட்டா?" சொல்லலாம், தடுக்க முடியாது. ஆனால் நாளைக்கு விசாரணை என்று வந்தால் அந்த எண் பேசும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இந்த ஸ்டேஷனும் கேட்டும் ஒருத்தரை ஒருத்தர் நம்புறாங்களா, நம்பலையா?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான் எழுதினேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடவில்லை. ஒரு விபத்து இரவைப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். வாசகரை அங்கேயே பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அந்த இரவில் இறந்தவரின் குடும்பம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சந்தையில் பார்த்தால் பேசிக்கொள்வோம். முடியாது என்றேன். அவரும் விடவில்லை, குரல் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. கடைசியில் அந்த இரவு புத்தகத்திலேயே இல்லை. அதனால் புத்தகம் கொஞ்சம் மெதுவாகத் தொடங்குகிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். வாசகர் எங்கே கொட்டாவி விடுவார் என்று கோச்சுக்குத் தெரியும். யார் வீட்டில் என்ன நடக்கும் என்று எழுதுகிறவனுக்குத்தான் தெரியும்.

பெயர்களைப் பற்றி அவர் சொன்ன யோசனை வேறு மாதிரி. பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ஊர், வருஷம், முழங்கைத் தழும்பு எல்லாம் சேர்ந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்; உயிரோடு இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டிவிடுங்கள் என்றார். என்னோடு இருந்த பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் வீட்டுக்குப் போய் அவர் வரும் பக்கங்களை வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "பந்தத்துக்கு மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதினதும் நான்தான் சார், அதையும் போடுங்க" என்றார். போட்டேன். பணியில் இருக்கும்போதே எழுத நினைக்கிறவர்கள் மட்டும் 1966ஆம் ஆண்டு ரயில்வே பணியாளர் நடத்தை விதிகளை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. எனக்கு அந்தக் கவலை இல்லை.

பிரதி முடிந்ததும் கோச்சின் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பதிப்பகம் தேடும்போதுதான் அவர் அதிகம் பயன்பட்டார். ஒரு பதிப்பகம் உடனே ஒத்துக்கொண்டு, செலவுப் பட்டியலையும் கூடவே அனுப்பியது. அச்சு, அட்டை, மெய்ப்புத் திருத்தம் என்று வரிசையாக வந்த பட்டியலில் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தர ஒரு தொகையும் இருந்தது. அவர் அந்த வரியில்தான் விரல் வைத்தார். இந்தியாவில் அந்த எண்ணை ராஜாராம் மோகன்ராய் பெயரிலான தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்குக் காசு கேட்கிறவர் மற்றவற்றுக்கு எப்படிக் கணக்குப் போடுவார் என்று யோசிக்கச் சொன்னார். விலகினேன்.

அடுத்த பதிப்பகம் பணம் கேட்கவில்லை, விற்பனை விலையில் பத்து சதவீதம் ராயல்டி என்றது. தமிழில் வழக்கமான விகிதம்தான். ஒப்பந்தத்தைப் பார்த்த கோச், மின்னூலும் ஒலிநூலும் மொழிபெயர்ப்பும் இதில் சேருமா, எத்தனை வருஷத்துக்கு, விற்பனைக் கணக்கு வருஷம் ஒரு முறை எழுத்தில் வருமா என்று என்னைக் கேட்கச் சொன்னார். அவர் நேரடியாகப் பேசவில்லை, பேசவும் மாட்டார், நான்தான் கேட்டேன். கேட்டபோது பதிப்பாளர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் இயல்பாக இரண்டு வரியைத் திருத்திக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கே வந்துவிட வேண்டும் என்று ஆசை. 1977 முதல் பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்களின் சங்கமான பபாசி நடத்துகிற அந்தக் காட்சியில் தன் புத்தகத்தைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கோச் வேண்டாம் என்றார். டிசம்பரில் அச்சகத்திலும் மெய்ப்பு பார்க்கிறவர்களிடமும் மூச்சுவிட நேரம் இருக்காது, உங்கள் புத்தகத்தில் நுணுக்கம் அதிகம், ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வரட்டும் என்றார். பதிப்பாளரும் அதையே சொன்னார். எவ்வளவு சரி என்பது லேஅவுட் வந்தபோதுதான் புரிந்தது. நான் யுனிகோடில் தட்டி அனுப்பியதை அவர்கள் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருந்தார்கள். தமிழ் ஒழுங்காக வந்தது. ஆங்கிலத்தில் நான் போட்டிருந்த ஸ்டேஷன் குறியீடுகள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகக் குழம்பிப் போயிருந்தன, ஏதோ சங்கேத மொழி போல. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். டிசம்பராக இருந்தால் அவை அப்படியே அச்சாகியிருக்கும்.

அப்புறம் ஃபாரம் கணக்கு. அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். என் புத்தகம் கடைசி ஃபாரத்தில் இரண்டு பக்கம் மட்டும் வழிந்து நின்றது. இரண்டு பக்கத்தை வெட்டுங்கள், இல்லாவிட்டால் மேலும் எழுதித் தாருங்கள் என்றார்கள். சொல்விளக்கப் பட்டியல் சேர்க்கலாமா என்று கோச்சிடம் கேட்டேன். "பட்டியல் தேவைப்பட்டா அத்தியாயம் சரியா எழுதலைன்னு அர்த்தம் சார்" என்றார். முன்னுரையில் நன்றி சொன்ன பகுதியில் மேலதிகாரிகளின் நீண்ட வரிசை ஒன்று இருந்தது. அதை வெட்டியதும் கணக்கு சரியாகிவிட்டது.

அடுத்த புத்தகத்துக்கும் அவரிடம் போவாயா என்று கேட்கிறார்கள். போவேன், ஆனால் இந்த முறை முதல் பிரதியை முழுக்க நானே முடித்துவிட்டுத்தான். அவர் கேட்கும் கேள்விகளில் பாதியை எழுதும்போதே நான் கேட்டுக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் ஆள் வேண்டும். இதைச் சொன்னபோது, "அப்படின்னா கட்டணமும் பாதிதான் சார்" என்றார். இன்னும் பேசி முடிவாகவில்லை.