இடது பக்கம் 18 மி.மீ. தாழ்வு

மார்ச் 2

அப்பா ஓட்டிய கார். 21 வருடம் ஆகிவிட்டது. கொஞ்ச நாளாகவே வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். இன்று சமதளத்தில் நிறுத்தி எதிரில் நின்று பார்த்தேன். இடது தோள் இறங்கியிருந்தது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் அளவைக் கெடுத்துவிடும். வலது 371 மி.மீ., இடது 353.

மார்ச் 4

இடது முன் சக்கரத்தைக் கழற்றி, வண்டியின் எடையைத் தாங்கும் சுருள் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் இருந்த மண்ணைச் சுரண்டினேன். ஸ்பிரிங்கின் கடைசி அரைச் சுற்று முறிந்து கிடக்கிறது. சேறும் தண்ணீரும் தங்கும் இடம் அதுதான். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறி, குழியாகி, அந்தக் குழியிலிருந்து விரிசல் ஓடியிருக்கிறது. முறிந்த முனை நழுவினால் டயரைக் கிழித்துவிடும். வண்டியை இனி எடுப்பதில்லை.

மார்ச் 6

மெக்கானிக் அண்ணனிடம் பேசினேன். “தம்பி, ஒன்று போனால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதுசு ஒரு பக்கம், பழசு ஒரு பக்கம் என்றால் மறுபடியும் சாய்வுதான்” என்றார். சரி, இரண்டு. ஆனால் எந்த இரண்டு?

மலிவானது பழைய உதிரி. அதே வயது வண்டியிலிருந்து கழற்றியது என்றால் அதுவும் என்னுடையதைப் போலவே தளர்ந்திருக்கும், துரு எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் தெரியாது. இதைப் பற்றிப் படிக்கும்போது ஒன்று புரிந்தது: ஸ்பிரிங் தளர்ந்தால் அதன் நீளம்தான் குறைகிறது, விறைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். வண்டி தாழ்ந்துபோவதால் மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே எழும்ப இடம் குறைகிறது. பழைய ஸ்பிரிங் ‘மெத்தென்று ஆகிவிட்டது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் தேய்ந்துபோனதன் வேலை.

அடுத்தது, வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங். கம்பெனி அளவில் வருவதைவிட விலை குறைவாகவே கிடைக்கிறது, ஆசையும் வந்தது. ஆனால் அது விறைப்பானது. என்னுடைய பழைய ஷாக் அதை அடக்காது. பின் இருக்கையில் முதுகுவலியோடு அம்மா உட்கார வேண்டும். வேண்டாம்.

சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டையைச் செருகலாம் என்றும் ஒருவர் சொன்னார். அந்தச் சுற்று வேலை செய்யாமல் நின்று, அதன் அசைவும் மற்ற சுற்றுகளில் ஏறும். முறிவைப் பார்த்த கண்ணுக்கு அது பிடிக்கவில்லை.

ஆக, கம்பெனி அளவிலேயே வேறு தயாரிப்பாளர் செய்யும் புது ஜோடி.

மார்ச் 9

இந்த ஒரு நாள் வேலைதான் முழுப் பணத்தையும் காப்பாற்றியது. ஒரே மாடலுக்கு எஞ்சின், ஏசி, ஆட்டோமேட்டிக் கியர் என்று எடைக்கு ஏற்றபடி பல ஸ்பிரிங் உண்டு. மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் தவறாகத்தான் வரும். பழைய ஸ்பிரிங்கைத் தேய்த்துக் கழுவினேன். மஞ்சள் கோடு ஒன்று, நீலக் கோடு ஒன்று தெரிந்தன. தயாரிப்பாளர் வைக்கும் அடையாளம் அது. சேசிஸ் எண்ணை வைத்துத் தேடியபோதும் அதே பாகம் வந்தது.

அப்புறம் கம்பியின் தடிமன். துருவும் பெயின்ட்டும் இல்லாத இடத்தில் வெர்னியர் வைத்தேன்: 12 மி.மீ. விலை குறைந்த ஒரு ஜோடியின் விவரத்தில் 12.5 என்றிருந்தது. அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடக் கூடாது. விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கோடு ஏறுகிறது. சுற்றின் அகலமும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் 12.5 மி.மீ. கம்பி சுமார் 18 சதவீதம் விறைப்பு, 13 என்றால் சுமார் 38 சதவீதம். அந்த ஜோடியில் சுற்றின் அகலமும் எண்ணிக்கையும் என்னுடையதைப் போலவே இருந்தன. அதை விட்டுவிட்டேன்.

மார்ச் 12

வாங்கியாயிற்று. ஸ்பிரிங் ஜோடியோடு மேல், கீழ் ரப்பர் இருக்கைகள், ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை. சின்னச் சாமான்கள்தான், ஆனால் இவற்றை விட்டுவிட்டால் நாளைக்கு மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஷாக்குக்குப் பணம் இல்லை. எண்ணெய்க் கசிவு இல்லாததால் அது இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்.

மார்ச் 15

பொருத்தும் வேலையை அண்ணனிடம் விட்டேன். வீட்டிலேயே செய்யலாம் என்று நினைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 150 மி.மீ. அமுக்கினால் அதில் 225 ஜூல் அடைந்திருக்கும். 23 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் மலிவான கொக்கிக் கருவி வழுக்கினால் அது என் கைமேல் விழும். இதில் மிச்சம் பிடிக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அண்ணன் சிரித்து, “அப்படித்தான் தம்பி செய்வேன்” என்றார்.

மாலையில் அளவு: வலது 377, இடது 376. அந்த ‘டக்’ போய்விட்டது.

மார்ச் 30

400 கி.மீ. ஓடியாயிற்று. புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்து 374, 373 என்று நிற்கிறது. இதற்காகத்தான் வீல் அலைன்மென்ட்டை இன்று வரை தள்ளிவைத்தேன். டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம், விலகியிருந்தது, சரிசெய்தார்கள். மூக்கு உயர்ந்ததால் ஹெட்லைட்டையும் இறக்கினோம்.

பின்பக்கத்தையும் அளந்தேன். இடது 362, வலது 364. துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது. அதை இப்போது தொடவில்லை. அடுத்துச் சேர்க்கும் பணம் முன் ஷாக்குக்கு.