ஜமக்காளமா, ஜமுக்காளமா: கூகுள் கட்டளைகளோடு மூன்று மாதம்

பவானியில் மாமா ஜமக்காளக் கடை வைத்திருக்கிறார். குழித்தறியில் நெய்த சரக்கு மட்டும்தான் விற்பார். போன வருஷம் ஒருவரிடம் பணம் கொடுத்து இணையதளம் போட்டார். எட்டு மாசமாகியும் கடைப் பெயரை முழுசாக அடித்தால்தான் கூகுளில் தலை காட்டியது. "கண்ணு, நம்ம சரக்கு ஏன் அதுல தெரிய மாட்டேங்குது? என்னன்னு பாரு" என்றார். தேடலில் தளத்தை மேலே கொண்டுவர உதவும், காசு கட்டி வாங்கும் எஸ்இஓ கருவி எதுவும் என்னிடம் இல்லை. தேடல் பெட்டியை மட்டும் நம்பி உட்கார்ந்தேன்.

முதலில் போட்டது சைட் கட்டளை. ஒரு தளத்தின் எந்தெந்தப் பக்கங்களைக் கூகுள் சேர்த்திருக்கிறது என்று அது காட்டும். 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுத வேண்டும். நடுவில் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் அது கட்டளையாக வேலை செய்யாது. மாமா விற்பது 38 வகை. பட்டியலோ நீண்டுகொண்டே போனது. ஒரே சிவப்புக் கோடு ஜமக்காளம் மூன்றாம் முறை கண்ணில் பட்டபோதுதான் முகவரியைக் கவனித்தேன். முன்னால் 'டெஸ்ட்' என்று ஒரு துணை டொமைன், அதாவது அதே முகவரியின் கிளை. தளம் கட்டும்போது சோதனைக்குப் போட்ட நகலை மூடாமலே விட்டிருக்கிறார்கள். உண்மையான முகவரியை மைனஸ் குறி போட்டுக் கழித்துத் தேடினேன். மிஞ்சியது முழுக்க அந்த நகல்தான். பழைய விலையும் பாதியில் நின்ற விவரங்களுமாகக் கிடந்தது.

அதே சைட் கட்டளையோடு, கோப்பு வகையைக் குறிக்கும் ஃபைல்டைப் கட்டளையைச் சேர்த்து பிடிஎஃப் என்று கேட்டேன். ஒரே ஒரு கோப்பு வந்தது. திறந்தால், மொத்த வியாபாரிகளுக்கு மாமா அனுப்பும் விலைப்பட்டியல். சில்லறைக்கு வாங்குகிறவர்கள் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அன்று சாயங்காலமே அந்தக் கோப்பை எடுத்துவிட்டோம்.

நகலை நீக்குவதில்தான் நான் தவறு செய்தேன். தேடுபொறிகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அந்தத் துணை டொமைனுக்குத் தடை எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் முகவரிகள் அப்படியே இருந்தன, விவர வரி மட்டும் காணோம். ரோபாட்ஸ் தடை கூகுளைப் பக்கத்துக்குள் வந்து படிக்க விடாது, அவ்வளவுதான். ஏற்கெனவே சேர்த்த முகவரியைப் பட்டியலிலிருந்து எடுக்காது. அதற்குப் பக்கத்தில் 'பட்டியலில் சேர்க்காதே' என்று சொல்லும் நோஇன்டெக்ஸ் குறிச்சொல் இருக்க வேண்டும், அதைப் படிக்கக் கூகுளுக்கு வழியும் திறந்திருக்க வேண்டும். தடையை எடுத்துவிட்டு நோஇன்டெக்ஸ் போட்டேன். அவசரமானவற்றை, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் இருக்கும் நீக்கும் வசதி வழியாக மறைத்தேன். அந்த மறைப்பு சுமார் 6 மாதம்தான் நிற்கும், அதற்குள் நிரந்தர வேலை முடிய வேண்டும். இன்னொன்று, சைட் கட்டளை காட்டும் எண்ணிக்கை வெறும் மதிப்பீடு. சரியான கணக்குக்கும் சர்ச் கன்சோல்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வந்தது. எங்கள் தளம் முழுக்க 'ஜமக்காளம்' என்றே எழுதியிருந்தது. மாமாவோ பேச்சில் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லமாட்டார்; அவருக்கு அது 'ஜமுக்காளம்'. இரண்டையும் தனித்தனியாக இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடினேன். வந்த பக்கங்கள் வேறு வேறு. மேற்கோள் போட்டால் எழுத்து பிசகாமல் அந்த வடிவத்தைத்தான் கேட்கிறோம். 'ஜமக்காளத்தை', 'ஜமக்காளத்தில்' என்று வேற்றுமை உருபு ஏறியவை அதற்குள் அடங்காது. நம் மொழியில் ஒரு சொல் இத்தனை உருவம் எடுக்கும்போது, ஆங்கிலத்துக்குச் சொல்லித்தரும் முறையை அப்படியே எடுத்துவந்தால் பாதிப் பக்கங்கள் நம் தேடலுக்குள் வராமலே போய்விடும். 'அல்லது' என்று பொருள் தரும் ஓஆர் என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் நடுவில் வைத்து நான்கைந்து வடிவங்களைச் சேர்த்தே தேடினேன்.

பிறகு இன்டைட்டில், பக்கத்தின் தலைப்பில் ஒரு சொல் இருக்கிறதா என்று தேடும் கட்டளை. பக்கத்தின் எந்த மூலையிலோ ஒரு வார்த்தை கிடப்பதும், தலைப்பிலேயே அதை வைத்திருப்பதும் ஒன்றல்ல. தலைப்பில் வைத்திருப்பவர்தான் உண்மையான போட்டி. 'ஜமுக்காளம்' தலைப்பில் வைத்துத் தமிழில் விற்கும் பக்கங்களை விரல் விட்டு எண்ணலாம். அளவு, துவைக்கும் முறை, மண்டபத்துக்கு எத்தனை தேவைப்படும் என்று வாங்குகிறவர் கேட்பது எதையும் அவர்கள் எழுதவில்லை. மாமா கல்லாவில் உட்கார்ந்து தினமும் பதில் சொல்லும் கேள்விகள் அவை. அவர் சொல்லச் சொல்ல, 'ஜமுக்காளம்' என்றே நான் தட்டச்சு செய்தேன்.

பழைய குறிப்புகளை நம்பி நேரத்தை விடாதீர்கள். ஒரு தளத்துக்கு யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டிய லிங்க் கட்டளை 2017இலேயே போய்விட்டது, கூகுள் சேமித்துவைத்த பக்க நகலைக் காட்டிய கேஷ் கட்டளையை 2024இல் எடுத்துவிட்டார்கள். கட்டளைகளை அடுத்தடுத்து வேகமாகப் போட்டால், நீங்கள் மனிதர்தானா என்று கூகுள் சோதனை வைக்கும். நான் ஒவ்வொரு தேடலையும் நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டு நிதானமாகத்தான் போனேன்.

மூன்று மாதத்தில் 'ஜமுக்காளம்' என்று தேடினால் மாமாவின் பக்கம் முதல் பக்கத்திலேயே வருகிறது. சோதனை நகலில் இன்னும் 11 முகவரிகள் பட்டியலில் மிச்சம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் சைட் கட்டளை போட்டு எண்ணிப் பார்க்கிறேன். போன வாரம் 14 இருந்தது.